உரையாடல் வழங்கிகளும் அவற்றிடை அமைந்த பாலங்களும்

கணிப்பொறி வாயிலாக எழுத்தால் உரையாடும் வழக்கம் தோன்றி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அவ்வழக்கத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் நிறுவனங்களின் எழுச்சியையும் வீழ்ச்சியையுமே விரித்துரைத்துள்ளனர். ஒரு நிறுவனத்தின் எல்லைக்குள் பேசப்பட்ட சொல்லை மற்றொன்றின் எல்லைக்குள் கொண்டுசென்று சேர்க்கும் 'பாலம்' எனும் மென்பொருளோ அத்துணைக் கவனம் பெற்றிலது. தம் இல்லத்திலோ அலுவலகத்திலோ வாடகைக்குப் பெற்ற கணிப்பொறியிலோ தாமே உரையாடல் வழங்கி ஒன்றினை நிறுவி நடத்துவோர், அதனோடு வாட்சாப், டெலிகிராம், ஐ.ஆர்.சி. முதலியவற்றை இணைத்தற்கு இம்மென்பொருளையே கையாளுகின்றனர். (சர்வர் எனப் பேச்சில் வழங்குவதனையே ஈண்டு வழங்கி என்கிறோம்.) இதனை அமைத்தல் சில வரிகளை ஒரு கோப்பில் எழுதும் சிறு தொழில் என்றே பலரும் கருதுவர். அவ்வரிகளை ஊன்றி நோக்குவார்க்கு, யார் பெயரால் யார் பேசலாம், யார் கடிதத்தை யார் பிரித்துப் படிக்கலாம் என்னும் இரு வினாக்களே அவற்றுள் அடங்கிக் கிடத்தல் புலனாகும். இவ்விரு வினாக்களும் நேற்றுத் தோன்றியன அல்ல. அவற்றின் வரலாற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், பாலம் என்ற சொல் இப்பொருளுக்கு முற்றும் பொருந்துமா என்பது கருதற்குரியது. பாலத்தின் மீது நடந்து செல்பவன் இக்கரையில் எவனோ அக்கரையிலும் அவனே. உரையாடற் பாலத்திலோ செய்தி கடந்து செல்வதில்லை. ஒரு கரையில் அது படிக்கப்படுகிறது, மறுகரையில் வேறொரு நெறிமுறைப்படி புதிதாக எழுதப்படுகிறது. ஆதலின் கும்பினியார் காலத்துக் கடற்கரைப் பட்டினங்களில் வாழ்ந்த துபாஷியையே இஃது ஒத்ததாகும். துபாஷி இருதரப்புச் சொல்லையும் கேட்டாலன்றி மொழிபெயர்த்தல் இயலாது. எனினும் பாலம் என்ற சொல் வழக்கில் வேரூன்றிவிட்டமையின் யாமும் அதனையே கையாளுவோம்.

பாலம் வேண்டப்படாத காலமும் ஒன்று இருந்தது. 1988-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பின்லாந்து நாட்டு ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினென் என்பவர் ஐ.ஆர்.சி. எனும் உரையாடல் முறையினை இயற்றினார். அதன் நெறிமுறை 1993-ஆம் ஆண்டு மே மாதம் யாவரும் படிக்கத்தக்க ஆவணமாக வெளியிடப்பெற்றது. அம்முறையில் பல்வேறு இடத்து வழங்கிகள் ஒன்றோடொன்று பிணைந்து ஒரே வலையாக இயங்கின. எவ்வழங்கியிற் புகுந்தவரும் ஏனையோருடன் பேசலாம். இவ்விணக்கத்திற்கும் எல்லை உண்டு என்பது 1990-ஆம் ஆண்டிலேயே வெளிப்பட்டுவிட்டது. பெர்க்கிலியிலிருந்த 'ஈரிஸ்' என்னும் வழங்கி, வேறெந்த வழங்கி தன்னோடு இணைய முன்வரினும் உசாவாது ஏற்றுக்கொண்டது. அதனால் விளைந்த குழப்பம் பொறாத ஏனையோர், ஈரிஸ் நீங்கிய வலையொன்றைத் தமக்கென வகுத்துக்கொண்டனர். ஈஎஃப்நெட் எனும் வலையின் பெயர் இவ்விலக்கத்தையே இன்றளவும் சுட்டி நிற்கிறது. யாரை ஏற்பது, யாரை விலக்குவது என்ற பூசல் நிறுவனங்கள் இத்துறையிற் புகுவதற்கு முன்பே தோன்றிவிட்டமை இதனாற் பெறப்படும்.

1996-ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டு மிராபிலிஸ் நிறுவனம் ஐ.சி.க்யூ.வை வெளியிட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்கா ஆன்லைன் எனப்படும் ஏ.ஓ.எல். நிறுவனத்தின் தூதுமென்பொருளும், 1998-இல் யாகூவினதும், 1999-இல் மைக்ரோசாஃப்டினதும் தோன்றின. இவை நான்கும் தத்தம் பயனரைத் தத்தம் மதிலுக்குள் வைத்திருந்தன. ஒருவர் நால்வகை நண்பருடன் பேச விரும்பின் நான்கு மென்பொருள்களைத் திறந்துவைத்தல் வேண்டும்.

இந்நிலையில் நிகழ்ந்த ஒரு பூசலைச் சற்று விரித்துரைத்தல் பொருந்தும். மைக்ரோசாஃப்ட் தன் எம்.எஸ்.என். மெசஞ்சரை 1999-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் வெளியிட்டபோது, அதனுள்ளிருந்தே ஏ.ஓ.எல். பயனருடனும் பேசுதற்கு வழிசெய்திருந்தது. ஏ.ஓ.எல். அதற்கு இசைவு தந்ததில்லை. ஆதலின் அந்நிறுவனம் உடனே வழியை அடைத்தது, மைக்ரோசாஃப்ட் தன் மென்பொருளைத் திருத்தி மீண்டும் புகுந்தது, ஏ.ஓ.எல். மீண்டும் அடைத்தது. இவ்வாறு அடைப்பும் திறப்பும் பன்முறை நிகழ்ந்தன. ஈற்றில் ஏ.ஓ.எல். கையாண்ட உத்தி வியப்புக்குரியது. தன் மென்பொருளிலேயே இருந்த ஒரு நினைவகப் பிழையைத் தூண்டும் செய்தியொன்றை அதன் வழங்கி அனுப்பும். அப்பிழை உண்மையாகவே உள்ள மென்பொருள் ஒருவகையாக விடைதரும். அதனைப் போல நடிக்கும் அயல் மென்பொருளுக்கு அவ்விடை தர இயலாது. குற்றமே குடிமைக்குச் சான்றாயிற்று எனலாம்! அவ்வாண்டு முடிவதற்குள் மைக்ரோசாஃப்ட் தன் முயற்சியைக் கைவிட்டது. 2001-ஆம் ஆண்டு ஜனவரியில் ஏ.ஓ.எல்., டைம் வார்னர் ஆகிய இரு நிறுவனங்களும் ஒன்றாதற்கு அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் இசைவளித்தபோது, விரைவு இணைப்பு வழி நிகழும் உயர்தரத் தூதுப்பணிகளை ஏ.ஓ.எல். வழங்க முற்படின் பிறர்க்கும் வழிவிடல் வேண்டும் என்ற நிபந்தனையை விதித்தது. 2003-இல் அந்நிபந்தனையும் நீக்கப்பட்டது. ஒரு கரையினர் மட்டும் விரும்பிக் கட்டும் பாலம் மறுகரையினரின் பொறுமை உள்ளளவே நிற்கும் என்பதற்கு இந்நிகழ்ச்சி முதற்சான்று.

இப்பூசல் நிகழ்ந்த அதே 1999-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெரமி மில்லர் என்பார் ஜாபர் எனும் திறந்த முறையினை அறிவித்தார். பிற்காலத்தில் எக்ஸ்.எம்.பி.பி. எனப் பெயர்பெற்று, 2004-ஆம் ஆண்டு அக்டோபரில் இணையத் தர ஆவணமாக ஏற்கப்பெற்றது இதுவே. மின்னஞ்சலைப் போன்று எவரும் தம் வழங்கியைத் தாமே நிறுவலாம் என்பது இதன் கொள்கை. தனித்து நடத்தும் வழங்கியில் பாலம் அமைக்கும் கலை முறையாகத் தொடங்கியதும் ஈண்டேயாம். ஜாபர் வழக்கில் பாலத்திற்குப் 'போக்குவரத்து' எனப் பொருள்படும் 'டிரான்ஸ்போர்ட்' என்பது பெயர். அது வழங்கியினின்றும் வேறான தனி மென்பொருள்; வழங்கியும் அதுவும் ஒரு பொது மறைச்சொல்லை மட்டும் பகிர்ந்துகொள்ளும்; அச்சொல்லைக் கொண்டு ஒன்றையொன்று அறிந்து இணையும். ஒவ்வொரு பாலத்திற்கும் வழங்கியின் முகவரிக்குக் கீழ் ஒரு கிளைமுகவரி அளிக்கப்பட்டது. ஐ.சி.க்யூ. நண்பரொருவர் 'இன்ன எண், ஐ.சி.க்யூ. எனும் கிளை, இன்ன வழங்கி' என்றவாறு தோன்றுவார். அவர் அயலார் என்பது முகவரியைக் கண்ட அளவிலே விளங்கும். இவ்வமைப்பின் நேர்மை பாராட்டத்தக்கது.

அதன் குறையோ சிறிதன்று. ஐ.சி.க்யூ.விலும் ஏ.ஓ.எல்.லிலும் தாமாகப் புகுந்து பேசுதற்குப் பயனர் தம் கடவுச்சொல்லைப் பாலத்திடம் ஒப்படைத்தல் வேண்டியிருந்தது. வழங்கி தம்முடையதாயின் அதனாற் கேடில்லை. பலர் கூடிப் பயன்படுத்திய பொது வழங்கிகளிலோ, முன்பின் அறியாத மேற்பார்வையாளர் ஒருவரின் வட்டில் நூற்றுக்கணக்கானோர் கடவுச்சொற்கள் குவிந்தன. மேலும், ஒரே முகவரியிலிருந்து பலர் புகுதல் அயல் நிறுவனத்தார் கண்ணுக்கு எளிதிற் பட்டது. ஒரு முகவரியை அடைத்தால் அனைவரும் அடைபட்டனர்.

ஜாபரை அடுத்த பத்தாண்டுகளின் செய்தி சுருங்கச் சொல்லத்தக்கது. கூகிள் நிறுவனம் 2005-இல் தன் டாக் பணியை எக்ஸ்.எம்.பி.பி. முறையில் தொடங்கி, 2006 ஜனவரியில் பிற வழங்கிகளுக்கும் வாயிலைத் திறந்தது. 2013-இல் ஹேங்கவுட்ஸ் எனும் வேறு முறைக்கு மாறியது. 2022-இல் டாக் முற்றும் மறைந்தது. ஃபேஸ்புக் 2010-இல் அளித்த எக்ஸ்.எம்.பி.பி. வாயில் 2015-இல் அடைபட்டது. 2014-இல் வெளிவந்த ஸ்லாக், ஐ.ஆர்.சி., எக்ஸ்.எம்.பி.பி. ஆகிய இருவகை வாயில்களையும் பயனர்க்கு அளித்திருந்து, 2018-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் மூடியது. வளரும் காலத்தில் வாயிலைத் திறந்து வைத்தலும், வளர்ந்தபின் அடைத்தலும் இந்நிறுவனங்களுக்கு ஒத்த இயல்பாகக் காணப்படுகின்றன.

இச்சூழலில் 2014-ஆம் ஆண்டு செப்டம்பரில் மேத்யூ ஹாட்சன், அமாந்தின் லெ பாப் ஆகியோர் தலைமையில் மேட்ரிக்ஸ் எனும் திறந்த நெறிமுறை வெளிவந்தது. அக்குழுவினர் அந்நாளில் அம்டாக்ஸ் எனும் நிறுவனத்திற் பணிபுரிந்தவர். நெறிமுறையின் முதற் பதிப்பு 2019 ஜூனில் நிலைபெற்றது. சினாப்ஸ் எனும் வழங்கி மென்பொருள் இதன் முதன்மையானது. இம்முறையை இயற்றியோர் பாலத்தைப் பின்னர்ச் சேர்த்த ஒட்டாகக் கருதாது, தொடக்கத்திலேயே நெறிமுறையின் ஓர் உறுப்பாக வகுத்தமை குறிப்பிடத்தக்கது. அவ்வுறுப்பிற்கு 'அப்ளிகேஷன் சர்வீஸ்' என்று பெயர். இன்று ஒருவர் தம் வழங்கியிற் பாலம் அமைக்க முற்படின், முதற்கண் ஆக்கப்படுவது இதற்குரிய பதிவுக்கோப்பேயாகும். ஏறத்தாழப் பத்துப் பதினைந்து வரிகளே உள்ள அக்கோப்பினை ஒரு சாசனத்தைப் படிப்பது போலப் படித்தல் தகும்.

அதன்கண் முதலில் பாலத்தின் பெயரும், வழங்கி அதனை அணுகவேண்டிய முகவரியும் காணப்படும். அடுத்து இரண்டு டோக்கன்கள் வரும். ஒன்று 'ஏ.எஸ்.' என்னும் எழுத்துக்களால் தொடங்குவது. பாலம் வழங்கியிடம் தன்னை மெய்ப்பிக்க இதனைக் காட்டும். மற்றொன்று 'எச்.எஸ்.' எனத் தொடங்குவது. வழங்கி பாலத்திடம் தன்னை மெய்ப்பிக்க இதனைக் காட்டும். ஜாபரில் ஒரே சொல்லை இருவரும் பகிர்ந்தனர். ஈண்டு ஒவ்வொருவர்க்கும் தனித்தனிச் சொல் அமைந்தது. இவற்றின் பின்வரும் பகுதியே கோப்பின் உயிர்நாடி. எவ்வெப் பெயர்களை இப்பாலம் ஆளலாம் என்பதனைப் பெயர்க்கோல வடிவில் அப்பகுதி வரையறுக்கும். எடுத்துக்காட்டாக, 'வாட்சாப்' என்ற முன்னொட்டும் அதன்பின் எண்களும் கொண்ட பெயர்கள் அனைத்தும் இப்பாலத்திற்கு உரியன என்று எழுதப்படும். 'தனியுரிமை' எனும் குறிப்பும் உடன் சேருமாயின் வேறெவரும் அவ்வகைப் பெயரைப் பதிவுசெய்ய இயலாது. அக்கரையில் உள்ள ஒவ்வொருவர்க்கும் இவ்வரம்பினுள் ஒரு நிழற்பெயர் பிறக்கும். அவர் பேசுவன எல்லாம் அந்நிழற்பெயரால் இங்கு எழுதப்பெறும்.

ஜாபர் முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நுட்பமானது. அங்கு அயலார் கிளைமுகவரியில் தங்கினர். இங்கு அவர் நம் முகவரியிலேயே, நம்மவர் போலவே குடியேறுகின்றனர். முன்னொட்டு ஒன்றே வேலி. அவ்வேலியைக் கோலத்தில் பிழைபட எழுதினால், எடுத்துக்காட்டாக 'எப்பெயரும்' என்ற பொருள்படப் புள்ளியும் உடுக்குறியும் மட்டும் இட்டுவிட்டால், வழங்கியில் உள்ள மாந்தர் அனைவர் பெயராலும் பேசும் அதிகாரம் அப்பாலத்திற்கு வந்துவிடும். இரட்டைப் பாவை எனப்படும் வசதிக்காக இவ்வதிகாரத்தை வேண்டுமென்றே அளிப்பதும் உண்டு. தொலைபேசியிலிருந்து நேரே வாட்சாப்பில் தாம் அனுப்பிய சொல், தம் வழங்கியில் நிழற்பெயராலன்றித் தம் சொந்தப் பெயராலேயே தோன்றல் வேண்டும் என்று விரும்புவோர், முகவரி இல்லாத பதிவுக்கோப்பு ஒன்றினை எழுதி, தம் வழங்கியின் பெயர்கள் அனைத்தையும் அதன் வரம்பினுள் அடக்குவர். தாம் ஒருவரே வாழும் வழங்கியில் அது பொருந்தும். பிறரும் வாழும் வழங்கியிலோ, அவர் அறியாதிருக்கும் நிலையில் இவ்வாறு எழுதுதல் முறையன்று என்பது எம் துணிபு.

இக்கோப்பின் இருப்பிடத்தை வழங்கியின் முதன்மை அமைப்புக்கோப்பிற் குறித்து, வழங்கியை மீளத் தொடங்கினாலன்றிப் பாலம் செயற்படாது. தொடக்கத்தார் இடறும் இடங்கள் சிலவே. சினாப்ஸ் வழங்கி 8008 என்ற போர்ட் எண்ணிலும், மாட்ரிக்ஸ் வாட்சாப் பாலங்களுள் மிகுதியும் வழங்கும் 'மாட்டிரிக்ஸ்' எனும் வரிசையைச் சார்ந்தது 29318 என்ற எண்ணிலும் செவிசாய்த்தல் இயல்பு. இரண்டனையும் டாக்கர் எனும் தனித்தனிக் கொள்கலங்களில் வைத்துவிட்டு, முகவரியாக 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதுவார் உளர். ஒவ்வொரு கொள்கலனும் அச்சொல்லால் தன்னையே உணருமாதலின், இரண்டும் அருகருகே இருந்தும் ஒன்றையொன்று காணா. யார் யார் பாலத்தைப் பயன்படுத்தலாம் என்ற உரிமைப்பட்டியலில் மாதிரி முகவரியை மாற்றாது விட்டுவிடுதலும் பெருவழக்கு; அந்நிலையில் பாலம் இயங்க மறுத்துவிடும். மறுத்தலே நன்று.

மறுகரையின் இயல்புக்கேற்பப் பாலத்தின் இயல்பும் வேறுபடும். டெலிகிராம் தன் வாயிலை வெளியார்க்கு முறைப்படி திறந்து வைத்திருத்தலின், அதனிடம் ஓர் எண்ணும் மறைக்குறியும் பெற்றுக் கோப்பில் எழுதினாற் போதும். வாட்சாப்பிற்கோ அத்தகைய பொது வாயில் இல்லை. அதனால் பாலம் தன்னைப் பயனரின் இணைகருவிகளுள் ஒன்றாகக் காட்டிக்கொண்டு, தொலைபேசியால் ஒரு கட்டக்குறியைப் படிக்கச்செய்து புகுகிறது. முதன்மைத் தொலைபேசி 14 நாட்களுக்குமேல் பயன்படாதிருப்பின் இணைகருவிகள் விலக்கப்படும் என்பது வாட்சாப்பின் விதி; பாலமும் அவ்விதிக்கு உட்பட்டதே. அஃது என்றேனும் அறிவிப்பின்றி அறுதலும் கூடும். 1999-இல் மைக்ரோசாஃப்ட் நின்ற இடத்திலேயே இன்று தனியொருவர் நிற்கிறார்.

ஐ.ஆர்.சி.யின் பால் கட்டப்பட்ட மேட்ரிக்ஸ் பாலத்தின் வரலாறு இவ்வகையினின்றும் வேறுபட்டது. அது மறுகரையினர் அறிய, அவரோடு உசாவியே கட்டப்பெற்றது. மேட்ரிக்ஸ் பயனர் ஒவ்வொருவர்க்கும் ஐ.ஆர்.சி.யில் தனி இணைப்பு அமைந்தது. புனைபெயரின் ஈற்றில் பகர அடைப்புக்குள் 'எம்' என்ற எழுத்து நின்று, அவர் பாலத்தின் வழி வந்தவர் என்பதனை உணர்த்தியது. ஒருவர் செய்த குற்றத்திற்காக அனைவரையும் விலக்க நேராதிருத்தற் பொருட்டு, ஒவ்வொருவர்க்கும் தனித்தனி ஐ.பி. 6 முகவரி அளிக்கும் வசதியும் அப்பாலத்தின் அமைப்பில் உண்டு. ஜாபர் காலத்துக் குறையை உணர்ந்து செய்த திருத்தமாக இதனைக் கொள்ளலாம். 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஃப்ரீநோட் வலையின் ஆட்சி பற்றி எழுந்த பூசலால் அதன் பணியாளர் வெளியேறி லிபெரா சாட் எனும் புதுவலையைத் தொடங்கியபோது, அதற்கும் இப்பாலம் நீட்டப்பட்டது.

ஆயின் பெருகிய பாலம் தன் பளுவையே தாங்கவில்லை. பல்லாயிரவர்க்கு ஒரே பாலம் எனும் நிலையில், ஒரு கரையிலிருந்து விலகியவர் மறுகரையில் இன்னும் இருப்பவராகத் தோன்றுதலும், செய்திகள் ஒருபுறம் மட்டும் நின்றுவிடுதலும் நேர்ந்தன. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள், லிபெரா நிருவாகத்தினரின் வேண்டுகோட்கிணங்க அப்பாலம் நிறுத்தப்பட்டது. தற்காலிக நிறுத்தம் எனப்பட்ட அது மீளத் திறக்கப்பெறாது என்பது அவ்வாண்டு நவம்பரில் உறுதியாயிற்று. கருவியிற் பழுது இருந்தது உண்மையே. ஆயினும் எம் கருத்தில், எல்லார்க்கும் ஒருவரே கட்டிய பாலமாக அஃது அமைந்ததே முதற்காரணம். ஈடாகப் பலர் தத்தம் வழங்கியில் தமக்கு மட்டுமான சிறு பாலங்களை அமைத்துக்கொண்டனர். அவற்றுள் ஒன்று பழுதுறினும் ஒருவர்க்கே இடர்.

இனி இரண்டாம் வினாவாகிய கடிதத்தைப் பிரித்தல் பற்றி நோக்குவோம். 2016 ஏப்ரலில் வாட்சாப் தன் பயனர் அனைவர்க்கும் இருமுனை மறைகுறியாக்கத்தை நிறைவு செய்தது. அதாவது, அனுப்புவோரும் பெறுவோருமன்றி இடையில் உள்ள நிறுவனமும் செய்தியைப் படித்தல் இயலாது. மேட்ரிக்ஸ் முறையிலும் அத்தகைய மறைகுறியாக்கம் உண்டு. ஆயின் இரண்டும் ஒரே மறைமுறையைச் சார்ந்தனவல்ல. ஆதலின் பாலம் ஒன்றின் முத்திரையை உடைத்துச் செய்தியை வெளிப்படையாகப் பெற்று, மற்றொன்றின் முத்திரையை இட்டு அனுப்புகிறது. இதனை அமைப்போர் 'பாலம் வரையிலான மறைகுறியாக்கம்' என்று உண்மையாகவே பெயரிட்டுள்ளனர். இடையில் ஒரு நொடி செய்தி ஆடையின்றி நிற்கும். அந்நொடி யாருடைய கணிப்பொறியில் நிகழ்கிறது என்பதே தலையாய வினா. தம் வழங்கியில் தாமே பாலம் அமைத்தலுக்கு வேறு எத்துணைக் காரணம் கூறினும், இஃதொன்றே போதியது.

பீப்பர் எனும் நிறுவனத்தின் வரலாறு இதனை வலியுறுத்தும். எரிக் மிஜிகோவ்ஸ்கி முதலியோரால் 2021-இல் அறிவிக்கப்பட்ட அப்பணி, மேட்ரிக்ஸ் பாலங்களைப் பயனரின் சார்பாகத் தன் வழங்கிகளில் நடத்திக் கட்டணம் பெற்றது. 2023 டிசம்பரில் ஆப்பிளின் ஐமெசேஜ் முறைக்குள் புக அது வெளியிட்ட சிறு செயலியை ஆப்பிள் சில நாட்களிலேயே அடைத்துவிட்டது. 2024 ஏப்ரலில் ஆட்டோமேட்டிக் நிறுவனம் பீப்பரை வாங்கியது. 2025-இல் அதே பீப்பர் தன் பாலங்களைப் பயனரின் கருவிக்குள்ளேயே இயங்கும்படி மாற்றியமைத்தது. முத்திரை உடையும் இடம் நிறுவனத்தின் கூடத்திலிருந்து பயனரின் கைக்கு வந்தது. தனி வழங்கி நடத்துவோர் முன்னரே நின்ற நிலை அது.

சட்டமும் இத்துறையிற் புகுந்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் இயற்றிய எண்ணியச் சந்தைகள் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வாயிற்காவலர் என அறிவிக்கப்பட்ட பெருநிறுவனங்களின் தூதுப்பணிகள் கேட்போர்க்கு இணைப்பு அளித்தல் வேண்டும் என்றும், மறைகுறியாக்கத்தின் தரம் குறையலாகாது என்றும் விதிக்கிறது. 2024 மார்ச்சு 7 முதல் வாட்சாப்பை இக்கடமை பிணித்தது. 2025 இறுதியில் ஐரோப்பாவிற் சிறு செயலிகள் இரண்டனுக்கு அவ்விணைப்பு அளிக்கப்படுவதாக மெட்டா நிறுவனம் அறிவித்தது. முதன்முறையாக மறுகரையினரே பாலத்திற்கு இடம் தருதல் வரவேற்கத்தக்கது. எனினும் அது பணி வழங்குவோர்க்கு ஒப்பந்தத்தின் வழி அளிக்கப்படும் உரிமை. தம் வீட்டில் வழங்கி நடத்தும் ஒருவர்க்கு அதனால் இதுகாறும் விளைந்த பயன் இல்லை என்றே கூறலாம்.

எஞ்சியது ஒன்று, அது மறுகரை மாந்தரைப் பற்றியது. ஒரு வாட்சாப் குழுவில் நாற்பதின்மர் உளர். அவருள் ஒருவர் பாலம் அமைத்துள்ளார் எனக் கொள்வோம். அக்கணமே ஏனை முப்பத்தொன்பதின்மர்க்கும் அவ்வழங்கியில் நிழற்பெயர்கள் பிறக்கின்றன. முன்னொட்டின் பின் நிற்பன அவர்தம் தொலைபேசி எண்களாகவும் இருக்கலாம். அவர் பேசியவை அங்குள்ள தரவுத்தளத்தில் அடுக்கப்படுகின்றன. அங்கு அவர் அழித்தது இங்கு அழியுமா என்பது அமைப்பைப் பொறுத்தது. அவர்க்கு இவை ஒன்றும் தெரியா. ஐ.ஆர்.சி. பாலத்திலேனும் அடைப்புக்குள் நின்ற ஓரெழுத்து மறுகரையினர்க்கு அறிவிப்பாக இருந்தது. வாட்சாப் பாலத்தில் அவ்வெழுத்திற்கும் இடமில்லை. ஆதலின் குழுவினர்க்குத் தம் வாயாலேயே அறிவித்தபின் இணைத்தல் பாலம் அமைப்போரின் கடன். அவருள் ஒருவர் மறுப்பின், பாலத்தின் உரையாடற் பெட்டியில் அவ்வறையை நீக்கும் கட்டளையை இடவேண்டும். அக்கட்டளையை இடாது பாலத்தை மட்டும் நிறுத்திவிட்டால், நிழற்பெயர்கள் அறையிலேயே தங்கிவிடும். பேசுவார் இன்றி, பட்டியலில் மட்டும்.